பாதி தேறியவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரை ஒட்டிய ஒரு சிற்றூரில் நாற்பது வயதுப் பெண் ஒருவர் இருப்பதாக எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு மனச்சோர்வு நோய் வந்து போனது. இந்த ஆண்டு சாமை அறுவடை முடிந்த கையோடு மறுபடியும் வந்தது. வாரக்கணக்கில் பாயை விட்டு எழவில்லை, சோறு இறங்கவில்லை, பிள்ளை கூப்பிட்டாலும் பதில் இல்லை. மாத்திரை தொடங்கி நான்கு மாதம் ஆகிறது. இப்போது காட்டு வேலைக்குப் போகிறார், சமைக்கிறார், வந்தவர்களோடு பேசுகிறார். ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டால் அப்புறம் தூக்கம் கிடையாது. அரை நாள் வேலைக்கே உடம்பு அசந்துபோகிறது. ஆண்டுதோறும் ஆசையாகப் போகும் ஊர்த் திருவிழாவுக்கு இந்த முறை போக மனம் வரவில்லை. "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று மருத்துவர் கேட்டால், "பரவாயில்லீங்க சார்" என்கிறார். இவர் நோயாளியா, நலமானவரா? கையில் இருக்கும் ஓ.பி. சீட்டில் மருத்துவர் என்ன எழுத வேண்டும்?

பெரும்பாலும் எழுதப்படுவது இரண்டில் ஒன்று. "பெட்டர், அதே மாத்திரை" என்று ஒரு வரி. இல்லாவிட்டால் நோயின் பெயர் மட்டும் ஒரு சொல்லாக. முதல் வரியைப் படிக்கும் அடுத்த மருத்துவர், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து மாத்திரையை நிறுத்தலாம். இரண்டாவதைப் படிப்பவர், நான்கு மாதத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்று நினைத்து மருந்தையே மாற்றலாம். அந்தப் பெண் உண்மையில் இருக்கும் இடம் இரண்டு பதிவிலும் இல்லை. பாதி தேறிய இந்த நிலைதான் மனச்சோர்வில் மிகுந்த கவனம் கேட்கும் நிலை. மருத்துவப் பதிவுகளில் மிக எளிதாகத் தொலைந்துபோவதும் இதுதான். இது எழுத்தர் வேலை சார்ந்த சின்ன விஷயம் அன்று, சிகிச்சையின் ஒரு பகுதி என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் சில அடிப்படைகள். எல்லாக் கவலையும் மனச்சோர்வு நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வரையறைப்படி, பத்து அறிகுறிகளில் குறைந்தது ஐந்து, நாளின் பெரும்பகுதியும், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், குறைந்தது இரண்டு வாரம் நீடிக்க வேண்டும். அந்த ஐந்தில் ஒன்றாவது, மனம் தாழ்ந்து கிடப்பதாகவோ எதிலும் ஈடுபாடு அற்றுப்போவதாகவோ இருக்க வேண்டும். தூக்கம், பசி, களைப்பு, கவனக்குறைவு, தன்னைத் தானே பழித்துக்கொள்வது, நம்பிக்கை இழப்பு, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை மற்றவற்றில் சில. இப்படி ஒரு முறை வந்து போவதை ஒரு நோய்க்கட்டம் என்போம். இடையில் பல மாதங்கள் மனம் தெளிந்திருந்து, பிறகு இன்னொரு கட்டம் வந்தால் அது மீள்மனச்சோர்வு. அறிகுறிகள் அடங்கியிருப்பதைத் தணிவு என்று அழைக்கலாம். குணம் என்று சொல்லாததற்குக் காரணம் உண்டு: இந்த நோய் திரும்பி வரக்கூடியது. அறிகுறி எதுவும் இல்லாவிட்டால் முழுத் தணிவு. நோய்க்கட்டம் என்று சொல்லும் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டாலும் சில அறிகுறிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் பகுதித் தணிவு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இன்னொரு நிபந்தனையும் வைக்கிறது. அறிகுறிகள் முற்றிலும் நீங்கிவிட்டாலும் இரண்டு மாதம் நிறைவடையும் வரை அதைப் பகுதித் தணிவு என்றே கொள்ள வேண்டும். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணின் நிலை, மீள்மனச்சோர்வு, பகுதித் தணிவில்.

எஞ்சியிருக்கும் இந்தச் சில்லறை அறிகுறிகளுக்கு இத்தனை கவனம் ஏன் என்று கேட்கலாம். படுத்துக் கிடந்தவர் எழுந்து வேலைக்குப் போகிறார், தூக்கம் கொஞ்சம் கெட்டால் என்ன என்று தோன்றுவது இயல்பு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் யூஜின் பேக்கலும் அவருடன் பணியாற்றியவர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேரடியாகச் சோதித்தது. கடுமையான மனச்சோர்வு வந்து தேறியவர்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். மேக்ஸ் ஹாமில்டன் 1960இல் உருவாக்கிய 17 கேள்வி அளவுகோலில், தேறியதாகக் கருதப்பட்டவர்களில் 32 விழுக்காட்டினருக்கு எட்டோ அதற்கு மேலோ மதிப்பெண் இருந்தது. அதாவது மூன்றில் ஒருவர் பாதிதான் தேறியிருந்தார். அடுத்து வந்த மாதங்களில் அந்தக் குழுவில் 76 விழுக்காட்டினர் மறுபடி நோயில் விழுந்தனர். முழுதும் தேறியவர்களில் அப்படி விழுந்தவர்கள் 25 விழுக்காடு. அமெரிக்காவில் 1978இல் தொடங்கிய ஒரு நீண்ட கூட்டாய்வின் தரவுகளை லூயிஸ் ஜட் குழுவினர் 1998இல் ஆராய்ந்தபோதும் இதே திசையில்தான் முடிவு வந்தது. எச்ச அறிகுறி உள்ளவர்கள் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் அடுத்த நோய்க்கட்டத்துக்குப் போனார்கள். விடியற்காலை விழிப்பும் அரை நாள் அசதியும் வரப்போவதை முன்கூட்டிச் சொல்கின்றன.

அந்த எச்சங்கள்தாம் நோயைத் திரும்ப அழைத்து வருகின்றனவா, அல்லது உள்ளே இன்னும் அடங்காத நோயின் அடையாளங்கள் மட்டுமா என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. இத்தகைய ஆய்வுகளால் அதைத் தீர்க்க முடியாது. ஆனால் மருத்துவர் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்க இந்த அளவு போதும். ஏனென்றால் பகுதித் தணிவில் செய்யக்கூடியவை உண்டு. பேக்கல் குழுவே 1999இல், எச்ச அறிகுறிகள் உள்ள 158 பேரில் ஒரு பகுதியினருக்கு மருந்தோடு சிந்தனைப் பழக்கங்களைத் திருத்தும் பேச்சுச் சிகிச்சையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. மறுவீழ்ச்சி 47 விழுக்காட்டிலிருந்து 29ஆகக் குறைந்தது. மாத்திரையைத் தொடர்வதற்கும் சான்று உண்டு. ஜான் கெட்டீஸ் குழுவினர் 2003இல் 31 சோதனைகளை ஒன்றாகத் தொகுத்தபோது, வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 41 விழுக்காட்டினருக்கும் மருந்தைத் தொடர்ந்தவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியிருந்தது. ஆகவே "பெட்டர்" என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்து மாத்திரையை நிறுத்துவது, ஆபத்து கூடுதலாக இருக்கும் நேரத்தில் காவலை எடுத்துவிடுவதாகும்.

இனி குறியீட்டுக்கு வருவோம். நோய்களுக்கு உலகம் முழுவதும் பொதுவான எண்கள் உண்டு. 1893இல் பிரெஞ்சுப் புள்ளியியலர் ழாக் பெர்டியோன் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலில் தொடங்கிய வரிசை அது. 1948இல் உலக சுகாதார நிறுவனம் பொறுப்பேற்று வெளியிட்ட ஆறாம் திருத்தத்தில் மனநோய்களும் இடம்பெற்றன. இன்று நடப்பில் இருப்பது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தம். சுருக்கமாக ஐ.சி.டி. என்பார்கள். இந்த எண்ணால் என்ன முடியும், என்ன முடியாது என்பதற்கு அஞ்சல் குறியீட்டு எண்ணை நினைத்துப் பாருங்கள். 1972இல் வந்த அந்த ஆறு இலக்க எண், கடிதத்தை உரிய அஞ்சலகம் வரை கொண்டுசேர்க்கும். மலைக்கிராமத்தில் எந்த வீடு என்பதை உறைமேல் எழுதிய முகவரிதான் சொல்ல வேண்டும். நோய்க் குறியீடும் அப்படித்தான். எத்தனை பேருக்கு என்ன நோய் என்று எண்ணவும், காப்பீட்டுத் தொகை தரவும், மாத்திரை எவ்வளவு வாங்கி வைப்பது என்று திட்டமிடவும் அது உதவும். இந்தப் பெண்ணுக்கு இன்று என்ன மிச்சம் இருக்கிறது என்பதை மருத்துவரின் குறிப்புதான் சொல்லும்.

அஞ்சலகமே இல்லாத ஊரும் உண்டு என்பதுதான் இதில் சிக்கல். நீண்ட காலம் புழக்கத்தில் இருந்த பத்தாம் திருத்தத்தில் மீள்மனச்சோர்வுக்கான எண் எஃப் 33. அதன் உட்பிரிவுகளில் லேசானது, நடுத்தரமானது, கடுமையானது எல்லாம் இருந்தன. தணிவுக்கு இருந்ததோ ஒரே ஒரு கட்டம், எஃப் 33.4. அதிலும் பல மாதங்களாக அறிகுறி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விடியற்காலையில் விழித்துக் கிடக்கும் நம் பெண் அதில் அடங்க மாட்டார். லேசான நோய்க்கட்டம் என்று போடவும் அறிகுறிகள் போதாது. உலகப் பட்டியலில் பாதி தேறியவருக்கென்று ஒரு வீடு இருக்கவில்லை. அமெரிக்கர்கள் தங்கள் பயன்பாட்டுக்காக விரித்தெழுதிய பதிப்பில் இந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டார்கள்: எஃப் 33.41 பகுதித் தணிவு, எஃப் 33.42 முழுத் தணிவு, எஃப் 33.40 எது என்று சொல்லப்படாதது. பதினோராம் திருத்தம் இந்தப் பிரிவினையை உலகத்துக்கே பொதுவாக்கிவிட்டது. அதில் மீள்மனச்சோர்வு பகுதித் தணிவில் இருந்தால் 6ஏ71.6, முழுத் தணிவில் இருந்தால் 6ஏ71.7.

தமிழ்நாட்டுக்கு இந்த எண்கள் அந்நியமானவை அல்ல. சென்னை, கோவை, திருச்சி போன்ற ஊர்களில் மெடிக்கல் கோடிங் படித்த ஏராளமான இளைஞர்கள், அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளை நாள் முழுவதும் படித்து இந்த எண்களை இட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் தொழிலின் முதல் விதி, ஊகிக்கக் கூடாது என்பது. மருந்துப் பட்டியலில் மனச்சோர்வு மாத்திரை இருப்பதை வைத்து நோயை முடிவுசெய்யக் கூடாது. நோயாளி சிரித்தார் என்று எழுதியிருப்பதைக் கொண்டு தணிவு என்றும் எண்ணிவிடக் கூடாது. மீண்டும் வந்ததா, எந்த அளவு கடுமை, தணிவு பகுதியா முழுமையா என்று மருத்துவர் எழுதியிருந்தால் மட்டுமே அந்த எண்ணை இடலாம். வெறும் "மனச்சோர்வு" என்று மட்டும் இருந்தால், 2021 அக்டோபர் முதல் அமெரிக்கப் பதிப்பில் அதற்கென்றே சேர்க்கப்பட்ட எஃப் 32.ஏ என்ற பொதுப் பெட்டியில்தான் அந்த நோயாளி விழுவார். ஏ என்ற அந்த எழுத்துக்குப் பின்னால் இரண்டு முறை நோய் வந்த வரலாறும் எஞ்சிய அறிகுறிகளும் மறைந்துபோகும். கடைசியில் எண்ணின் தரம், குறிப்பு எழுதிய கையின் தரத்துக்கு மேலே போவதில்லை.

அந்தக் குறிப்பில் என்ன இருக்க வேண்டும்? இது எத்தனையாவது நோய்க்கட்டம், முந்தையது எப்போது. இந்தக் கட்டத்தின் உச்சத்தில் எப்படி இருந்தார். இன்று எந்த அறிகுறிகள் மிச்சம், எத்தனை வாரமாக. எந்த மருந்து, என்ன அளவு, ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா. சாவைப் பற்றிய எண்ணம் உண்டா என்று கேட்டதும், அதற்குக் கிடைத்த பதிலும். இவற்றில் எஞ்சிய அறிகுறிகளைப் பெயர் சொல்லி எழுதுவதையே நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். மதிப்பெண் மட்டும் ஏன் போதாது என்று ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். பி.எச்.கியூ.-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் 2001 முதல் உலகெங்கும் புழங்குகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. ஐந்துக்குக் கீழே வந்தால் தணிவு என்பது வழக்கம். இருவர் எட்டு மதிப்பெண் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்குத் தூக்கத்தில் மூன்று, களைப்பில் மூன்று, பசியில் இரண்டு. மற்றவருக்கு எதிலும் நாட்டமின்மையில் மூன்று, தன்னை வெறுப்பதில் மூன்று, செத்துப்போனால் தேவலை என்ற ஒன்பதாம் கேள்வியில் இரண்டு. சீட்டில் இருவருக்கும் "எட்டு" என்றுதான் இருக்கும். முதலாமவரை அடுத்த மாதம் வரச் சொல்லலாம். இரண்டாமவரை அன்றைக்கே உட்கார வைத்துப் பேச வேண்டும், வீட்டில் ஒருவருக்குச் சொல்ல வேண்டும், 14416 என்ற டெலி மானஸ் உதவி எண்ணைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

மலைப்பகுதியில் இந்தக் குறிப்பின் எடை இன்னும் கூடுகிறது. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களில் ஜவ்வாது மலை பரந்து கிடக்கிறது. இங்குள்ள மலையாளி பழங்குடி மக்கள் சாமையையும் காட்டுப்பொருள்களையும் மட்டும் நம்பி ஆண்டு முழுவதும் இருக்க முடிவதில்லை. கூலி வேலைக்காகச் சமவெளிக்கும் அண்டை மாநிலங்களுக்கும் போய் மாதக்கணக்கில் தங்குகிறார்கள். ஆகவே ஒருவர் மலையேறி வரும் ஒரு மாதம் ஜமுனாமரத்தூரிலும், அடுத்த மாதம் போளூரிலோ ஆலங்காயத்திலோ, அதற்கடுத்து மொழியே வேறான ஓர் ஊரிலும் மருந்து வாங்க நேரலாம். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் குறித்த நாளில்தான் வட்டார மருத்துவமனைக்கு வருவார். மற்ற நாள்களில் பார்ப்பவர் பொது மருத்துவர், அவரும் மாற்றலாகிப் போவார். ஒரே மருத்துவர் ஆண்டுக்கணக்கில் பார்க்கும் நகரத்து நோயாளிக்கு மருத்துவரின் நினைவாவது துணையிருக்கும். இங்கே ரேஷன் அட்டையோடு பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்த அந்தச் சீட்டைத் தவிர வேறு நினைவு கிடையாது.

எழுதி வைப்பதால் நோய் குறையுமா என்ற ஐயம் நியாயமானது. இதற்குப் பெய்ஜிங்கில் நடந்து 2015இல் வெளியான ஒரு சோதனை நல்ல விடை தருகிறது. 120 நோயாளிகள் இரு குழுவாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவுக்கும் கொடுக்க அனுமதிக்கப்பட்டவை அதே இரண்டு மருந்துகள்தாம். ஒரு குழுவில் மருத்துவர் தமக்குச் சரியென்று பட்டபடி மருந்தின் அளவைத் தீர்மானித்தார். மற்றதில் ஒவ்வொரு சந்திப்பிலும் அறிகுறிகளை அளவுகோலால் அளந்து, பதிந்து, அந்தப் பதிவைப் பார்த்தே அளவைக் கூட்டினர். 24 வாரத்தில் முழுத் தணிவு அடைந்தவர்கள் முதல் குழுவில் 28.8 விழுக்காடு, அளந்து பதிந்த குழுவில் 73.8 விழுக்காடு. சிறிய ஆய்வுதான், ஆகவே இதே வித்தியாசம் எல்லா ஊரிலும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் புரிகிறது. "பரவாயில்லை" என்ற பதிலோடு மருத்துவரும் நோயாளியும் திருப்தி அடைந்துவிடும் இடத்தில், எழுதப்பட்ட எண்ணும் எழுதப்பட்ட அறிகுறியும் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கின்றன.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கடன், கணவனின் குடி, பிழைப்புக்காகப் பிரிந்து கிடக்கும் குடும்பம் இவற்றால் வரும் துயரத்துக்கெல்லாம் நோய் என்று பெயரிட்டு எண் போடுவது சரியா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப், நிபுணர்களின் மருத்துவமனைகளில் உருவான மனச்சோர்வு வரையறைகள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களின் துயரத்துக்குப் பொருந்துவதில்லை என்று நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார். அவர் சொல்வதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த வாதம் நல்ல குறிப்புக்கு எதிராகப் போகவில்லை, சோம்பேறித்தனமான குறிப்புக்கு எதிராகத்தான் போகிறது. இரண்டு வாரம் நீடித்த தெளிவான நோய்க்கட்டங்கள் இரண்டு முறை வந்தனவா என்று கேட்டு எழுத வேண்டிய கட்டாயம் இருந்தால், வெறும் துயரத்தோடு வந்தவர்மேல் மீள்மனச்சோர்வு என்ற முத்திரை எளிதில் விழாது. வாழ்க்கைச் சூழலை எழுதவும் இடம் உண்டு. பத்தாம் திருத்தத்தில் கடும் வறுமைக்கே இசட் 59.5 என்று ஓர் எண் இருக்கிறது, கணவன் மனைவிக்கு இடையிலான சிக்கலுக்கு இசட் 63.0. நோயோடு சேர்த்து இவற்றையும் எழுதலாம். நெஞ்சு படபடக்குது, உடம்பெல்லாம் வலி, ஒரே ரோசனையா இருக்கு என்று நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியே ஒரு வரி குறித்து வைப்பது, அவரை எண்ணுக்குள் கரைந்துபோகாமல் காக்கும்.

பெயர் எழுதினால் ஊருக்குத் தெரியும், வேலைக்கும் கல்யாணத்துக்கும் இடைஞ்சல் வரும் என்ற அச்சத்தை லேசாகத் தள்ள முடியாது. சின்ன ஊரில் அது உண்மையான அச்சம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இங்கே துணைக்கு வருகிறது. நோயை நிர்ணயிப்பது, ஐ.சி.டி.யின் அண்மைத் திருத்தம் உள்ளிட்ட ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படிதான் நடக்க வேண்டும் என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. ஒருவர் முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் வைத்து இன்றும் மனநோய் இருப்பதாக முடிவுகட்டக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. தகவலை இரகசியமாக வைத்திருக்கக் கோரும் உரிமையும், தன் பதிவைத் தானே பார்க்கும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்பதும் இதே சட்டம். சட்டம் இருப்பதாலேயே ஊர் வாய் அடங்கிவிடாது. ஆனால் தணிவு என்று துல்லியமாக எழுதிய பதிவு, நோயாளிக்குச் சாதகமான சாட்சி. பத்தாண்டுக்கு முன் போட்ட "மனச்சோர்வு" என்ற மொட்டைச் சொல்தான் அவரை விடாமல் துரத்தும்.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மலைக்கு வடக்கே, வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியத்தில் ஒரு கடும் பாடம் இருக்கிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சமூக சுகாதாரத் துறை அங்கே ஊர்தோறும் சுகாதாரப் பணியாளர்களை வைத்து, ஒவ்வொரு சாவின் காரணத்தையும் வீட்டாரிடம் விசாரித்துப் பதிந்துவந்தது. 1994 முதல் 1999 வரையிலான பதிவுகளைத் தொகுத்து 2003இல் வெளியிட்டபோது, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 95 பேர் தற்கொலையால் இறந்திருந்தது தெரிந்தது. காவல்துறைக் கணக்குகளிலிருந்து வந்த நாட்டின் அதிகாரப்பூர்வ விகிதம் அப்போது ஏறத்தாழ பதினொன்று. ஊர் ஊராகக் கேட்டு எழுதிய ஒரே ஒன்றியத்தில் இத்தனை வித்தியாசம் வெளிப்பட்டது. சாவைக்கூட எண்ணத் தவறும் கணக்கு, பாதி தேறி நடமாடுகிறவர்களை எண்ணியிருக்கும் என்று எப்படி நம்புவது? பெங்களூரின் நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது மனச்சோர்வு வந்திருப்பதாகக் கண்டது. சிகிச்சைக்கு வந்தவர்களில் எத்தனை பேர் பாதி தேறி நிற்கிறார்கள் என்று கேட்டால், மருத்துவமனைப் பதிவேடுகளில்தான் தேட வேண்டும்.

வெளிநோயாளி வரிசை வாசல் தாண்டி நிற்கும்போது இத்தனையும் எழுத நேரம் ஏது என்று மருத்துவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நான் சொன்னவை நான்கைந்து வரி. முதல் சந்திப்பில் வரலாற்றை ஒரு முறை எழுதிவிட்டால், அடுத்தடுத்த சந்திப்புகளில் மாறுவது எஞ்சிய அறிகுறிகளும் மருந்தின் அளவும்தான். படிவத்தின் ஒன்பது கேள்விகளைச் செவிலியரோ ஆலோசகரோ, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, முன்கூட்டியே நிரப்பி வைக்கலாம். பத்தாம் திருத்தத்திலிருந்து பதினொன்றுக்கு மாறும்போது இந்த வரிகள் இன்னொரு வகையிலும் தேவைப்படும். எஃப் 33 என்று மட்டும் குறித்த பழைய பதிவை 6ஏ71.6க்கு மாற்றுவதா, 6ஏ71.7க்கு மாற்றுவதா, அல்லது நோய் இன்னும் தணியவே இல்லையா என்பதை எந்தக் கணினியாலும் தீர்மானிக்க முடியாது. அந்தப் பெண்ணுக்கு விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்ததா என்று யாராவது எழுதி வைத்திருந்தால்தான் முடியும்.